பத்தாயிரம் வாக்குகள், ஒன்பது ஆசனங்கள்

1994 ஓகஸ்ட் 16ஆம் திகதி நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்துக்கு 10 ஆசனங்கள் இருந்தன. பதிவு செய்யப்பட்ட வாக்காளர்கள் ஏறக்குறைய ஆறு இலட்சம் பேர். குடாநாடு அப்போது விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது, அங்கே வாக்களிப்பு நடக்கவில்லை. இராணுவத்தின் கையிலிருந்த தீவகத்திலும், இடம்பெயர்ந்தவர்களுக்கென மாவட்டத்துக்கு வெளியே வைக்கப்பட்ட பெட்டிகளிலும் விழுந்தவைதான் அந்த மாவட்டத்தின் வாக்குகள். எண்ணி முடித்தபோது, சுயேச்சைக் குழுவாகப் போட்டியிட்ட ஈபிடிபிக்குக் கிடைத்தவை 10,744 வாக்குகள். அதற்கு ஒன்பது ஆசனங்கள். மிஞ்சிய ஓர் ஆசனம், 1990இல் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம் மக்களின் வாக்குகளோடு முஸ்லிம் காங்கிரஸுக்குப் போனது.

இந்தக் கணக்கில் சட்டப்படி பிழை எதுவும் இல்லை. பெட்டி திறக்கப்பட்டது, தாள்கள் எண்ணப்பட்டன, விகிதாசாரப்படி ஆசனங்கள் பகிரப்பட்டன. ஒன்பது பேரும் நாடாளுமன்றத்தில் போய் இருந்தார்கள். ஆறு இலட்சம் பேரின் பிரதிநிதிகள் என்றே பதிவேடு அவர்களைச் சொல்லும். ஒரு தேர்தல் முறை நம்பகமானதா என்று கேட்கும்போது நாம் வழக்கமாகப் பெட்டியையும் தாளையும் எண்ணுபவரையும்தான் பார்க்கிறோம். தீவகத்தின் அனுபவம் அந்தக் கேள்வியை வேறு இடத்துக்கு இழுத்துச் செல்கிறது.

முதலில் பெட்டியையே பார்ப்போம். இலங்கையில் இன்றும் தாளில்தான் வாக்களிக்கிறோம். காலையில் வெறும் பெட்டியை முகவர்களுக்குக் காட்டிவிட்டுத்தான் மூடுவார்கள். பெயரைச் சத்தமாக வாசிப்பார்கள், இடாப்பில் கோடு போடுவார்கள், சின்ன விரலில் மை பூசுவார்கள். அடையாள அட்டை காட்டவேண்டும் என்ற கட்டாயம் 2004ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்ததுதான். அதற்கு முன்னர் கள்ள வாக்கு எவ்வளவு சுலபம் என்பதை ஊரில் மூத்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வெளிநாட்டில் இருப்பவரும், இடம்பெயர்ந்து வன்னிக்கோ கொழும்புக்கோ போனவரும், செத்துப்போனவரும் இடாப்பில் இருந்தார்கள். ஆள் இல்லாத பெயர்தான் கள்ள வாக்குக்கு மூலதனம்.

தீவகத்தில் பெட்டிக்கு இன்னொரு பிரச்சினையும் உண்டு. அது கடல் கடக்கவேண்டும். ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு எல்லாம் பண்ணைப் பாலத்தால் வரலாம். நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகியவற்றுக்குப் படகு வேண்டும். நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானில் இருந்து ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட ஓட்டம். வாடைக்காற்றுக் காலத்தில் அந்தக் கடலில் போனவர்களுக்குத் தெரியும். அண்மைய தேர்தல்களில் நெடுந்தீவின் பெட்டிகள் வாக்களிப்பு முடிந்ததும் ஹெலிகொப்டரில் யாழ்ப்பாணம் வந்து, மத்திய கல்லூரியில் எண்ணப்படுகின்றன. அலுவலர்கள் கடற்படையின் படகுகளில் போய்வருவதும் உண்டு. தேர்தல் அதிகாரிகளின் பக்கத்தில் இருந்து பார்த்தால் இது பாராட்டவேண்டிய ஏற்பாடு. ஆனால் இந்த மக்களுக்குக் கடற்படையும் ஹெலிகொப்டரும் வேறு நினைவுகளைக் கொடுப்பவை. 1985 மே 15இல் குமுதினிப் படகில் நடந்ததை நெடுந்தீவு மறக்கவில்லை. முத்திரை எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும், பெட்டியைச் சுமந்துபோகும் கை யாருடையது என்பதும் நம்பிக்கையின் ஒரு பகுதி.

சந்தேகத்துக்குக் காரணமும் இருந்தது. 1981 ஜூன் 4ஆம் திகதி மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் யாழ்ப்பாணத்தில் நடந்தது. அதற்கு நாலைந்து நாள்களுக்கு முன்புதான் நூலகம் எரிக்கப்பட்டிருந்தது. பயிற்சி பெற்ற அலுவலர்களுக்குப் பதிலாகத் தெற்கில் இருந்து கடைசி நேரத்தில் ஆட்கள் இறக்கப்பட்டார்கள், சில வாக்குப்பெட்டிகள் காணாமற்போயின. ஆனாலும் தமிழர் விடுதலைக் கூட்டணியே அத்தனை ஆசனங்களையும் வென்றது. பெட்டியைத் திருடியவர்களால் முடிவைத் திருட முடியவில்லை. அந்தத் தலைமுறை தேர்தலையே கைவிட்டதற்கு அந்த வாரமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

பெட்டியை ஊரைவிட்டு வெளியே எடுக்காமலே எண்ணினால் என்ன? 2018, 2025 உள்ளூராட்சித் தேர்தல்களில் வாக்களித்த இடத்திலேயே எண்ணினார்கள். பயணத்தில் பெட்டி மாறும் என்ற பயம் போய்விட்டது. அதற்குப் பதிலாக இன்னொரு பயம் வந்தது. சில நூறு பேர் வாக்களிக்கும் சின்ன ஊரில், எந்த வட்டாரம் யாருக்குப் போட்டது என்பது அன்று இரவே தெரிந்துவிடும். பெரிய நிலையத்தில் எல்லாப் பெட்டிகளோடும் கலந்து எண்ணினால் ஊர் மறைந்துகொள்ளும். சின்ன ஊருக்கு அந்த மறைவு முக்கியம்.

என் அம்மம்மா ஊர்காவற்றுறைக்காரி. 2010இல் வாக்களிக்கக் கூட்டிக்கொண்டு போனபோது வழிநெடுகக் கேட்ட ஒரே கேள்வி, தாளை எப்படி மடித்தாலும் வெளியே தெரியாதோ என்பதுதான். தெரியாது அம்மம்மா என்று மூன்று தரம் சொன்னேன். அவ நம்பவில்லை. யாருக்குப் போட்டா என்று எனக்குக்கூடக் கடைசிவரை சொல்லவில்லை. அந்த ஒரு விசயத்திலாவது இரகசியம் காக்கப்பட்டது.

அவவின் பயத்தை அறியாமை என்று தள்ள முடியாது. 2000 ஒக்டோபர் 10ஆம் திகதி நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. யாழ்ப்பாணத்தில் நடந்த வாக்கு மோசடிகளையும் மிரட்டல்களையும் வெளியே கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பிபிசிக்கும் வீரகேசரிக்கும் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த மயில்வாகனம் நிமலராஜன். ஒன்பதாம் நாள் இரவு, ஊரடங்கு நேரத்தில், உயர் பாதுகாப்புக்குள் இருந்த அவருடைய வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். கைக்குண்டும் வீசப்பட்டது. 2022இல் இங்கிலாந்துப் பொலிஸார் அந்தக் கொலை தொடர்பில் ஒருவரைக் கைதுசெய்து விசாரித்தார்கள். 22 ஆண்டுகளுக்குப் பிறகும் இலங்கையில் யாருக்கும் தண்டனை இல்லை.

அடுத்த ஆண்டு, 2001 நவம்பர் 28ஆம் திகதி, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினர் தீவகத்துக்குப் பிரசாரத்துக்குப் போனபோது நாரந்தனையில் தாக்கப்பட்டார்கள். இருவர் கொல்லப்பட்டனர், பலர் காயமடைந்தனர். 15 ஆண்டுகள் கழித்து, 2016இல், யாழ். மேல் நீதிமன்றம் ஈபிடிபியைச் சேர்ந்தவர்களைக் குற்றவாளிகளாகக் கண்டு மரண தண்டனை விதித்தது. நாரந்தனைத் தெருவில் நடந்ததை எந்த வாக்குப்பெட்டியின் முத்திரையும் தடுத்திருக்காது. வேட்பாளர் ஊருக்குள் வரமுடியாவிட்டால் மக்கள் அவரை எப்படித் தெரிவார்கள்?

இதை ஒரு பக்கத்துக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நேர்மையாக இராது. 2004இல் கூட்டமைப்பு யாழ்ப்பாணத்தில் 9இல் 8 ஆசனங்களைப் பத்தில் ஒன்பது பங்கு வாக்குகளோடு வென்றது. வடக்கு கிழக்கில் மற்றக் கட்சிகளுக்கு இடமில்லாமல் போனதை ஐரோப்பிய ஒன்றியத்தின் கண்காணிப்புக் குழு கடுமையாக விமர்சித்தது. 2005 ஜனாதிபதித் தேர்தலில் நிலைமை இன்னும் மோசம். யாழ். மாவட்டத்தில் பதிவு செய்யப்பட்டவர்கள் 701,938 பேர். வாக்களித்தவர்கள் 8,524 பேர். 1.21 சதவீதம். நாடு முழுவதிலும் மகிந்த ராஜபக்ச வென்ற வித்தியாசம் 180,786 வாக்குகள். யாழ்ப்பாணமும் வன்னியும் வாக்களித்திருந்தால் முடிவு என்னவாகியிருக்கும் என்று இன்றும் தேநீர்க்கடைகளில் கணக்குப் போடுகிறார்கள். பகிஷ்கரிப்பு ஒரு சனநாயக உரிமை, சந்தேகமில்லை. 1931இல் சர்வசன வாக்குரிமையோடு வந்த முதல் தேர்தலிலேயே யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸின் அழைப்பால் ஊர்காவற்றுறை உட்பட நான்கு தொகுதிகள் வெறுமையாக இருந்தன. 1934இல்தான் அவை நிரம்பின. அது வாதாடி, கூட்டம் போட்டு, எதிர்த்துப் பேசியவர்களுக்கும் இடம் கொடுத்து எடுத்த முடிவு. 2005இல் வீட்டில் இருந்தவர்களில் எத்தனை பேர் விரும்பி இருந்தார்கள், எத்தனை பேர் பயந்து இருந்தார்கள் என்பதை அந்த 1.21 பிரித்துச் சொல்லாது.

இந்த இடத்தில் சிலர் இயந்திரத்தைக் கொண்டுவரச் சொல்வார்கள். இந்தியா 1982இல் கேரளத்தின் பரவூரில் மின்னணு இயந்திரத்தைப் பரீட்சித்துப் பார்த்தது, இன்று முழு நாடும் அதில்தான் வாக்களிக்கிறது. சந்தேகம் விடாததால் தாளில் அச்சிட்டுக் காட்டும் கருவியையும் பிறகு சேர்க்கவேண்டி வந்தது. ஜேர்மனியில் 2009இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்நாட்டில் பயன்படுத்திய வாக்கு இயந்திரங்களை ஏற்கவில்லை. தேர்தலின் முக்கிய படிகளைத் தொழில்நுட்ப அறிவு இல்லாத சாதாரண குடிமகனும் சரிபார்க்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்பது அதன் காரணம். எனக்கு இந்த வாதம் சரியாகப் படுகிறது. தாளை எண்ணுவது ஆறுதலான வேலைதான், ஆனால் நெடுந்தீவில் இருந்து வந்த முகவரும் மேசைக்கு எதிரே நின்று தன் கண்ணால் பார்க்கலாம். அதிலும் சச்சரவு வரும். 2020 ஓகஸ்டில் விருப்பு வாக்குகளின் முடிவு தாமதமாகி மத்திய கல்லூரி முன்றலில் இரவிரவாக என்ன நடந்தது என்பதை எல்லோரும் நேரலையில் பார்த்தோம்.

சரியாக எண்ணிய பிறகும் ஒரு படி இருக்கிறது. வாக்கை ஆசனமாக்கும் விதி. 2024 நவம்பரில் யாழ். மாவட்டத்துக்கு 6 ஆசனங்கள். தேசிய மக்கள் சக்தி பெற்றது 80,830 வாக்குகள், ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. கிடைத்தது 3 ஆசனங்கள், அதாவது பாதி. எப்படி? முதலிடம் வந்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் போய்விடும். 5 சதவீதத்துக்குக் கீழே எடுத்தவர்களின் வாக்குகள் கணக்கில் இருந்து கழிக்கப்படும். மிஞ்சியதை 5ஆல் பிரித்தால் ஓர் ஆசனத்தின் விலை நாற்பதாயிரத்துச் சொச்சம் வாக்குகள். அந்த விலையைக் கொடுக்கக்கூடியதாக இருந்தவை இரண்டே அணிகள்: தேசிய மக்கள் சக்தியும், 63,327 எடுத்த தமிழரசுக் கட்சியும். ஆளுக்கொன்று. மிச்ச மூன்றும் மீதி வாக்குகளின் வரிசைப்படி. தேசிய மக்கள் சக்திக்கு மீதியிலேயே முப்பதாயிரத்துக்கு மேல் இருந்ததால் அதற்கு மூன்றாவதும் போனது. மற்ற இரண்டையும் தமிழ்க் காங்கிரஸும் சுயேச்சைக் குழு 17உம் தலா இருபத்தெட்டாயிரத்தளவு வாக்குகளோடு எடுத்தன. தமிழ்க் கட்சிகள் துண்டு துண்டாகப் பிரிந்ததன் விலை அது. மோசடி என்று முகநூலில் எழுதியவர்கள் இந்தக் கணக்கை ஒருதரம் தாளில் போட்டுப் பார்த்திருக்கலாம்.

முறை எல்லாம் ஒழுங்காக இருந்தும் சனநாயகம் இல்லாமற்போகும் விதம் ஒன்றுண்டு. 1982 டிசம்பர் 22ஆம் திகதி ஜே. ஆர். ஜெயவர்த்தன அரசு நாடாளுமன்றத் தேர்தலுக்குப் பதிலாக ஒரு சர்வசன வாக்கெடுப்பு வைத்தது. விளக்குக்குப் போட்டால் இருக்கும் நாடாளுமன்றம் இன்னும் ஆறு ஆண்டுகள் தொடரும், குடத்துக்குப் போட்டால் தொடராது. யாழ்ப்பாணத்தில் வாக்களித்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் குடத்துக்குப் போட்டார்கள். நாட்டில் விளக்கு வென்றது. வாக்களித்தே வாக்களிப்பைத் தள்ளிவைத்தார்கள்.

வடக்கு மாகாண சபைக்கு அதற்குக்கூட வேலை வைக்கவில்லை. 2013 செப்டெம்பர் 21ஆம் திகதி, போருக்குப் பிறகு முதன்முறையாக, யாழ். மாவட்டத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்டப் பேர் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். 38 ஆசனங்களில் 30 கூட்டமைப்புக்கு. அந்தச் சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு மாகாணத்தை ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர்கள்தான் நடத்துகிறார்கள். தேர்தலை இரத்துச் செய்வதாக யாரும் அறிவிக்கவில்லை. 2017இல் மாகாண சபைத் தேர்தல் சட்டத்தைத் திருத்திப் பழைய முறையை எடுத்தார்கள். புதிய முறைக்குத் தொகுதிகளின் எல்லைகள் வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவாக ஒரு வாக்கும் விழவில்லை, அதைக் கொண்டுவந்த அமைச்சர்கூட எதிர்த்தே வாக்களித்தார். எதிராக 139. எண்ணிக்கையில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.