கரிய கசடு தந்த ஊதா நிறம்

"குப்பையில் கிடந்தாலும் குன்றிமணி நிறம் மங்காது" என்பது பழமொழி. நிலக்கரித் தாரிலிருந்து சாயம் எடுத்துத் தொழில் நடத்திய வில்லியம் பெர்க்கினின் வாழ்க்கை இதற்குச் சான்று.

லண்டனில் பிறந்த பெர்க்கின், நம் வயதில், அதாவது 15ஆம் வயதில் ராயல் வேதியியல் கல்லூரியில் சேர்ந்தார். 1856ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில், மலேரியாவுக்கு மருந்தான கொயினாவைச் செயற்கையாகத் தயாரிக்க வீட்டிலேயே முயன்றார். தாரிலிருந்து பெறப்படும் அனிலினுடன் பொட்டாசியம் டைக்ரோமேட்டைச் சேர்த்தார். கிடைத்ததோ கரிய கசடு! அதை எரிசாராயத்தில் கரைத்தபோது அழகிய ஊதா நிறம் தோன்றியது. பட்டில் தோய்த்தார். சோப்புக்கும் வெயிலுக்கும் சாயம் போகவில்லை.

ஆனால், கண்டுபிடித்தது மட்டும் போதுமா? படிப்பை விட வேண்டாமெனப் பேராசிரியர் ஹாஃப்மன் தடுத்தார். தந்தையோ மகனை நம்பித் தம் சேமிப்பை முதலீடு செய்தார். அண்ணன் தாமஸ் துணை நின்றார். 1857இல் கிரீன்ஃபோர்டில் ஆலை எழுந்தது. வேண்டிய அளவு அனிலின் விலைக்குக் கிடைக்கவில்லை; பென்சீனிலிருந்து தாங்களே தயாரித்தனர். பருத்தித் துணியில் சாயம் பிடிக்கவில்லை. டானினைக் கொண்டு பிடிக்கச் செய்யும் முறையைக் கண்டு, சாயக்காரர்களுக்கும் கற்றுக் கொடுத்தார். தொழில் செழித்தது. 1874இல், 36ஆம் வயதில், ஆலையை விற்றுவிட்டு மீண்டும் ஆராய்ச்சிக்கே திரும்பினார்.

தோழியரே! சோதனைக் குழாயில் எதிர்பாராத நிறம் வந்தால், கொட்டிவிடாமல் சற்று உற்றுப் பார்ப்போம். அன்புப் பெற்றோரே! பெர்க்கினின் தந்தை மகன்மீது வைத்த நம்பிக்கையை நீங்கள் உங்கள் பெண்மக்கள் மீதும் வையுங்கள்!