பழைய லேப்டாப்பில் விண்டோஸ் + லினக்ஸ்... இன்ஸ்டால் செய்யும் முன் இதைப் படிங்க!

அம்மாவின் பழைய லேப்டாப்பில் சென்ற மாதம் லினக்ஸ் போட்டேன். ரீஸ்டார்ட் செய்தால், விண்டோஸைக் காணோம்! "அக்கா கல்யாண போட்டோ எல்லாம் அதுலதானே இருந்துச்சு?" என்று அம்மா கேட்டதும் எனக்கு வியர்த்துவிட்டது.

நல்லவேளை, எதுவும் அழியவில்லை. மெனுவில் விண்டோஸின் பெயர் விடுபட்டிருந்தது, அவ்வளவுதான்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் வசதிகள் பல பழைய லேப்டாப்களில் இல்லை. அதனால், விண்டோஸை வைத்துக்கொண்டே லினக்ஸையும் சேர்த்துப் போடும் 'டூயல் பூட்' முறை கைகொடுக்கிறது. நமக்கு இது புதிதும் அல்ல. தமிழக அரசு வழங்கிய விலையில்லா லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன.

பூட்லோடர் என்றால் என்ன?

பவர் பட்டனை அழுத்தியதும், எந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் திறப்பது என்று பார்த்துத் திறந்துவிடும் சின்ன புரோகிராம்தான் பூட்லோடர். லினக்ஸில் பெரும்பாலும் இதன் பெயர் 'கிரப்'. விண்டோஸுக்குத் தனி பூட்லோடர் உண்டு. கிரப் வந்தாலும் அது அழியாது. இரண்டும் ஹார்டு டிஸ்க்கில் ஒரே சிறிய பார்ட்டிஷனில், தனித்தனி ஃபோல்டர்களில் இருக்கும்.

செய்ய வேண்டியவை

* முதலில் போட்டோக்கள், ஆவணங்களை வேறு டிஸ்க்கில் காப்பி எடுங்கள்.
* பிட்லாக்கர் ஆனில் இருந்தால், 48 இலக்க ரெக்கவரி கீயைக் குறித்துக்கொண்டு ஆஃப் செய்யுங்கள். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பையும் ஆஃப் செய்யுங்கள்.
* விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 'ஷ்ரிங்க் வால்யூம்' கொடுத்து இடம் ஒதுக்குங்கள். உபுண்டுவுக்குக் குறைந்தது 25 ஜிபி தேவை.
* விண்டோஸ் முதலில், லினக்ஸ் அடுத்து. இந்த வரிசையே வசதி.
* இன்ஸ்டால் செய்யும்போது 'விண்டோஸுடன் சேர்த்து' என்ற ஆப்ஷனைத் தேர்ந்தெடுங்கள். 'எரேஸ் டிஸ்க்' பக்கம் கை போகவே கூடாது. அதைக் கொடுத்தால், விண்டோஸோடு போட்டோக்களும் போய்விடும்.

விண்டோஸ் காணாமல்போனால்?

பதறி மறுபடி இன்ஸ்டால் செய்யாதீர்கள். ஆன் செய்தவுடன் பூட் மெனு பட்டனை அழுத்துங்கள். டெல், லெனோவாவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பி-யில் எஃப்9. அதில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' இருந்தால், விண்டோஸ் பத்திரமாக இருக்கிறது என்று நம்பலாம்.

2021-ல் வந்த கிரப் 2.06 முதல், மற்ற சிஸ்டங்களைத் தேடும் 'ஓஎஸ் புரோபர்' வசதி தானாக இயங்குவதில்லை. கிரப்பின் செட்டிங்ஸ் ஃபைலில் அதை ஆன் செய்துவிட்டு, டெர்மினலில் 'அப்டேட் கிரப்' கட்டளையைக் கொடுத்தேன். மெனுவில் விண்டோஸ் வந்து உட்கார்ந்துகொண்டது.

விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டினாலும் பயப்பட வேண்டாம். லினக்ஸ் சர்வதேச நேரத்தைப் பதிவு செய்ய, விண்டோஸ் அதையே நம் ஊர் நேரமாக எடுத்துக்கொள்வதால் வரும் குழப்பம் அது.

பின்னாளில் லினக்ஸ் வேண்டாம் என்று தோன்றினால், அதன் பார்ட்டிஷனை உடனே அழிக்காதீர்கள். பயாஸில் விண்டோஸை முதலிடத்துக்கு மாற்றிவிட்டு, பிறகு அழியுங்கள். இல்லாவிட்டால் கறுப்புத் திரைதான் வரவேற்கும்.

அம்மா இப்போது லினக்ஸில்தான் சமையல் வீடியோ பார்க்கிறார். கல்யாண போட்டோக்களுக்கு மட்டும் இரண்டு காப்பி எடுத்துவைத்துவிட்டேன்!