இலவசச் செயலியின் உண்மை விலை

வீட்டில் ஒருவர் புதிய திறன்பேசி வாங்கினால், பழையதை யாரும் உடனே தூக்கி எறிவதில்லை. அக்காளின் திறன்பேசி தம்பிக்கு வருகிறது. அப்பாவின் திறன்பேசி பாட்டியின் கைக்குப் போகிறது. சிக்கனத்தைப் போற்றும் குடும்பங்களில் இது நல்ல பழக்கம்தான். ஆனால், திறன்பேசி சட்டையைப் போன்றதன்று. சட்டை பழையதானால் அதன் சாயம் வெளுக்கும், அவ்வளவுதான். திறன்பேசி பழையதானால் அதன் காவலே தளர்ந்துபோகும். வங்கிக் கணக்கு, சிங்பாஸ், குடும்பப் படங்கள் என நம் வாழ்க்கையின் பெரும்பகுதி அதற்குள் இருக்கிறது. எனவே, அந்தக் காவல் எப்படிச் செயல்படுகிறது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

திறன்பேசியை இயக்கும் அடிப்படை மென்பொருள் இயங்குதளம் எனப்படும். பல மில்லியன் வரிகள் கொண்ட அந்த மென்பொருளில் குறைகள் இல்லாமல் இருக்க முடியாது. ஒரு குறை கண்டுபிடிக்கப்பட்டதும் அதைச் சரிசெய்யும் புதுப்பிப்பை நிறுவனம் வெளியிடுகிறது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புதுப்பிப்பு வெளியானவுடன், எந்த இடத்தில் ஓட்டை இருந்தது என்பது தீயவர்களுக்கும் தெரிந்துவிடுகிறது. புதுப்பித்தவரின் திறன்பேசியில் அந்த ஓட்டை அடைபட்டிருக்கும். புதுப்பிக்காதவரின் திறன்பேசியோ முன்பைவிட அதிக ஆபத்துக்கு உள்ளாகும்.

ஆண்ட்ராய்டுத் திறன்பேசிகளைப் பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன. ஒவ்வொரு நிறுவனமும் தன் ஒவ்வொரு வகைத் திறன்பேசிக்கும் ஏற்பப் புதுப்பிப்பைத் தயார்செய்ய வேண்டும். அதற்குச் செலவாகும் என்பதால், சில ஆண்டுகளுக்குப் பிறகு பழைய வகைகளை நிறுவனங்கள் கைவிட்டுவிடுகின்றன. இந்நிலை இப்போது மாறத் தொடங்கியுள்ளது. கூகல் நிறுவனம் 2023-ஆம் ஆண்டு வெளியிட்ட பிக்சல் 8 வகைக்கும், சாம்சுங் நிறுவனம் 2024-ஆம் ஆண்டு வெளியிட்ட கேலக்சி எஸ்24 வகைக்கும் ஏழு ஆண்டுகள்வரை புதுப்பிப்புகள் கிடைக்கும் என அறிவிக்கப்பட்டது. ஆகவே, திறன்பேசி வாங்கும்போது அதன் படக்கருவியை மட்டும் பார்த்தால் போதாது. அதற்கு எத்தனை ஆண்டுகள் புதுப்பிப்பு கிடைக்கும் என்பதையும் கேட்டறிய வேண்டும்.

திறன்பேசியின் இரண்டாவது காவல் செயலிக் கடை. ஆப்பிள் நிறுவனம் 2008 ஜூலையில் ஏறத்தாழ 500 செயலிகளுடன் தன் கடையைத் திறந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஆண்ட்ராய்டுக்கான கடை தொடங்கப்பட்டது; 2012-ஆம் ஆண்டு அது கூகல் பிளே எனப் பெயர் மாற்றம் பெற்றது. இன்று இவை ஒவ்வொன்றிலும் ஒரு மில்லியனுக்கும் அதிகமான செயலிகள் உள்ளன. ஒரு செயலியை இக்கடைகளில் வெளியிட விரும்புபவர் முதலில் தம் விவரங்களைப் பதிவுசெய்ய வேண்டும். பிறகு அச்செயலி சோதிக்கப்படுகிறது. விதிகளை மீறியது பின்னர் தெரியவந்தாலும் அது கடையிலிருந்து நீக்கப்படும்.

இவற்றுடன் மின்னியல் கையொப்பம் என்னும் ஏற்பாடும் உண்டு. பால்மாவு டின்னின் வாயில் ஒட்டப்பட்டிருக்கும் முத்திரையை நினைத்துக்கொள்ளுங்கள். முத்திரை கிழிந்திருந்தால் அதை யாரோ திறந்திருக்கிறார்கள் என்று பொருள். செயலியை உருவாக்கியவர் இடும் கையொப்பமும் அப்படிப்பட்டதே. செயலியில் ஒரே ஒரு வரி மாற்றப்பட்டாலும் அக்கையொப்பம் செல்லாமல் போய்விடும். கட்டணச் செயலியை இலவசமாக்க விரும்புபவர் அதைத் திறந்து, கட்டணத்தைச் சரிபார்க்கும் பகுதியை நீக்கி, தம் சொந்தக் கையொப்பத்தை இட்டு மீண்டும் மூடுகிறார். திறந்தவர் எதை எடுத்தார் என்பது நமக்குத் தெரியும். உள்ளே எதைப் போட்டார் என்பதுதான் நமக்குத் தெரியாது. திருட்டுப் பிரதியின் ஆபத்து இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

இதற்கு உதாரணங்கள் பல. வியட்நாமைச் சேர்ந்த டோங் நுயென் உருவாக்கிய ‘ஃப்ளாப்பி பேர்ட்’ என்னும் விளையாட்டு உலகெங்கும் புகழ்பெற்றது. அவர் அதை 2014 பிப்ரவரியில் கடைகளிலிருந்து நீக்கினார். உடனே வேறு தளங்களில் போலிகள் முளைத்தன. அவற்றுள் சில, பயனருக்குத் தெரியாமலேயே கட்டணக் குறுஞ்செய்திகளை அனுப்பின. விளையாடியவருக்கு மாதக் கடைசியில்தான் அதன் விலை தெரிந்திருக்கும்.

அதிகாரபூர்வக் கடைகளில் குறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. 2015-ஆம் ஆண்டு ஆப்பிள் கடையிலேயே தீங்கிழைக்கும் செயலிகள் சில நுழைந்துவிட்டன. அவற்றை உருவாக்கியவர்கள் கெட்ட நோக்கம் கொண்டவர்கள் அல்லர். செயலிகளை உருவாக்க உதவும் ‘எக்ஸ்கோடு’ என்னும் மென்பொருளை ஆப்பிளிடமிருந்து பெறாமல், விரைவாகக் கிடைக்கிறது என்று வேறோர் இடத்திலிருந்து பதிவிறக்கம் செய்திருந்தார்கள். அந்தப் பிரதி மாற்றப்பட்டிருந்தது. கைதேர்ந்த வல்லுநர்களையே குறுக்குவழி ஏமாற்றியது என்றால், சாதாரணப் பயனர்களின் நிலை என்ன?

திருட்டுப் பிரதிகளால் படைப்பாளர்களும் பாதிக்கப்படுகின்றனர். செக் நாட்டின் மேட்ஃபிங்கர் கேம்ஸ் நிறுவனம் 2012-ஆம் ஆண்டு ‘டெட் டிரிகர்’ என்னும் விளையாட்டை ஆண்ட்ராய்டில் ஓர் அமெரிக்க வெள்ளிக்கும் குறைவான விலைக்கு விற்றது. அந்தச் சிறு தொகையைக்கூடச் செலுத்தாமல் திருட்டுப் பிரதியைப் பயன்படுத்தியவர்கள் மிகுதி என்பதால், அதே ஆண்டில் அதை இலவசமாக்கிவிட்டது. செயலியை விற்றுப் பிழைக்க முடியாதபோது நிறுவனங்கள் விளம்பரங்களையும், செயலிக்குள் மீண்டும் மீண்டும் பணம் கேட்கும் முறையையும் நாடுகின்றன. ‘எங்குப் பார்த்தாலும் விளம்பரம்!’ என்று நாம் சலித்துக்கொள்வதற்குத் திருட்டுப் பிரதியும் ஒரு காரணமே. சிங்கப்பூரில் 2021-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கணினி மென்பொருளுக்கும் பாதுகாப்பு அளிக்கிறது.

இனி, நம் நாட்டில் நடந்ததைப் பார்ப்போம். 2023-ஆம் ஆண்டு சமூக ஊடகங்களில் மலிவு விலையில் கடலுணவு, வீட்டைச் சுத்தம்செய்யும் சேவை போன்ற விளம்பரங்கள் வந்தன. ஆர்வம் காட்டியவர்களிடம், ஒரு செயலியைப் பதிவிறக்கம் செய்து முன்பதிவு செய்யுமாறு வாட்ஸ்அப் வழியாகக் கூறப்பட்டது. அச்செயலி கூகல் பிளேயில் இல்லை; அனுப்பப்பட்ட இணைப்பில்தான் இருந்தது. நிறுவியதும் அது ‘அணுகல் வசதி’ அனுமதியைக் கேட்டது. பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் போன்றோருக்கு உதவ, திரையில் உள்ளதைப் படிக்கவும் அவர்கள் சார்பில் பொத்தான்களை அழுத்தவும் செயலிக்கு இடமளிக்கும் அனுமதி அது. மோசடிக்காரர்கள் அதையே சாவியாக்கிக்கொண்டனர். மறைச்சொற்களைத் திருடி வங்கிப் பணத்தை மாற்றினர். அவ்வாண்டு ஏறத்தாழ 1,900 பேர் இவ்வகை மோசடியில் சிக்கினர். அவர்கள் இழந்த தொகை குறைந்தது 34.1 மில்லியன் வெள்ளி. அவர்களுள் ஓய்வுக்காலச் சேமிப்பை இழந்தவர்களும் உண்டு.

இதையடுத்து, 2024 பிப்ரவரியில் கூகல் நிறுவனம் சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்புடன் சேர்ந்து ஒரு முன்னோடித் திட்டத்தை அறிவித்தது. இணைய உலாவி, செய்திச் செயலி ஆகியவற்றின் வழியாகப் பதிவிறக்கப்படும் செயலி, குறுஞ்செய்திகளைப் படித்தல், அணுகல் வசதி முதலிய முக்கிய அனுமதிகளைக் கேட்டால், அதை நிறுவ முடியாதபடி திறன்பேசியே தடுத்துவிடும். இத்திட்டம் முதன்முதலில் தொடங்கப்பட்டது சிங்கப்பூரில்தான்.

ஆயினும், தொழில்நுட்பம் மட்டுமே நம்மைக் காத்துவிடாது. பல வீடுகளில் திறன்பேசி பற்றிய சந்தேகங்களுக்கு விடை சொல்பவர்கள் இளையர்களே. “இதை அழுத்தலாமா?” என்று பாட்டி கேட்பது பேரப்பிள்ளையிடம்தான். அந்தப் பேரப்பிள்ளையே இலவச விளையாட்டுக்காக எங்கிருந்தோ செயலிகளை நிறுவும் பழக்கமுடையவராக இருந்தால், பாட்டிக்கு எதைக் கற்றுக்கொடுப்பார்? கட்டணம் செலுத்த இயலாவிட்டால், அதிகாரபூர்வக் கடையிலேயே உள்ள இலவசச் செயலிகளைத் தேடலாம்; விலைக்கழிவுக்குக் காத்திருக்கலாம்.

பழைய திறன்பேசியை ஒருவருக்குக் கொடுக்கும் முன் சில வேலைகளைச் செய்துவிடுவோம். அதிலுள்ள தகவல்களை முற்றாக அழிப்போம். புதுப்பிப்பு இன்னும் கிடைக்கிறதா என்று பார்ப்போம். கிடைக்காவிட்டால், அதில் வங்கிச் செயலியை வைத்துக்கொள்ள வேண்டாம் என்று எடுத்துச் சொல்வோம். கடைக்கு வெளியிலிருந்து செயலிகளை நிறுவும் அனுமதியை அணைத்துவைப்போம். தவறுதலாக எதையேனும் நிறுவிவிட்டால், உடனே விமான நிலைக்கு மாற்றி, வைஃபையையும் அணைத்து, வேறொரு தொலைபேசியிலிருந்து வங்கியை அழைக்க வேண்டும். மோசடியோ என்ற ஐயம் எழுந்தால் 1799 என்ற உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

‘ஆழம் அறியாமல் காலை விடாதே’ என்பார்கள் பெரியோர். பாட்டியின் கைக்குப் போகும் திறன்பேசியோடு, அந்த ஆழத்தை அறிந்துகொள்ள அவருக்குத் துணையாகச் செலவிடும் அரைமணி நேரத்தையும் சேர்த்துக் கொடுப்போம்.