சுவரின் ஈரமும் பொங்கல் பெயிண்டும்

சங்கரன்கோவிலை வறண்ட ஊர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குற்றாலத்தில் சாரல் கொட்டும் ஆனி, ஆடி மாதங்களில் இங்கே வருவது காற்று மட்டும்தான். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈரத்தை இறக்கிவிட்டு, உலர்ந்து, விசையோடு வந்து சேரும் காற்று அது. ஊருக்கு மழை என்றால் ஐப்பசியும் கார்த்திகையும்தான். அப்படிப்பட்ட ஊரிலும் மார்கழி பிறந்ததும் பல வீடுகளில் படுக்கையறை மூலையிலும் பீரோவின் முதுகுப்புறத்திலும் லாஃப்டின் அடியிலும் கறுப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் விழுகின்றன. பட்டுப்புடவையில் மக்கிய வாசம் ஏறுகிறது. தை பிறக்கும் முன் பெயிண்டரை அழைத்து அதன்மேல் வண்ணம் பூசிவிடுகிறார்கள். அடுத்த மார்கழியில் அதே இடத்தில் அதே புள்ளிகள் வருகின்றன. பூசணத்தைப் போக்குவது இன்று உலகின் பல நாடுகளில் தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. அந்தத் தொழிலின் பெரும்பகுதி துடைப்பதிலோ மருந்து அடிப்பதிலோ இல்லை, தண்ணீர் வரும் வழியைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. நம் ஊர்களில் இந்த வேலையைத்தான் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் செய்துகொண்டிருக்கிறோம்.

பூசணத்தின் வித்துகள் இல்லாத வீடே கிடையாது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே அளவுள்ள அவை காற்றோடு வருகின்றன, நம் உடையோடு வருகின்றன, காய்கறிப் பையோடும் வருகின்றன. அவற்றை அறவே ஒழித்துவிடலாம் என்று யாரும் உறுதி தர முடியாது. வித்து முளைக்க இரை வேண்டும், வெதுவெதுப்பு வேண்டும், ஈரம் வேண்டும். வெதுவெதுப்பு தமிழ்நாட்டில் வருடம் முழுவதும் இருக்கிறது. இரைக்கும் குறைவில்லை. பருத்தி, காகிதம், பிளைவுட், தோல், மாவுப்பசை, சுவரில் படிந்த தூசி, எமல்ஷன் பெயிண்டில் உள்ள பிசின் எல்லாமே அதற்கு உணவுதான். விசைத்தறிகள் ஓடும் சங்கரன்கோவிலில் கஞ்சி போட்ட பாவுநூலை ஈரமான அறையில் அடுக்கி வைத்தால், பருத்தியையும் மாவையும் சேர்த்தே அதற்குப் பந்தி வைத்ததாகும். ஆக, நம் கைக்குள் இருப்பது ஈரம் ஒன்றுதான். சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தை எட்டி அப்படியே நீடித்தால் அஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம், கிளாடோஸ்போரியம் போன்ற வகைகள் தழைக்கத் தொடங்கும். நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூசணம் பிடிக்காது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வழிகாட்டுதலும் இந்தக் கால அளவையே சொல்கிறது.

அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது? சங்கரன்கோவில் போன்ற கரிசல் பூமியில் இதற்கு விடை மண்ணிலேயே தொடங்குகிறது. கரிசலில் உள்ள ஒருவகைக் களிமண் மழையில் நீரைக் குடித்து உப்பும். கோடையில் சுருங்கி ஆள் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதன்மேல் ஆழமில்லாத அடித்தளம் போட்டு எழுப்பிய வீடு ஆண்டுதோறும் கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்குகிறது. எல்லா மூலையும் ஒரே அளவில் அசைவதில்லை. அதனால் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கீறல் விழுகிறது, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் இடத்தில் பிளவு காண்கிறது, சுவருக்குள் புதைத்த குழாயின் இணைப்பு தளர்கிறது. ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசல் மண்ணுக்கென்றே அடியில் குமிழ் போல அகன்ற அடித்தூண் முறையை உருவாக்கிக் கொடுத்தது. சிறிய வீடு கட்டுகிறவர்களிடம் அது இன்னும் போதிய அளவு போய்ச் சேரவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவானது. அப்படிப்பட்ட ஒரு மழைக்கு மயிரிழைக் கீறலே வாசலாகிவிடும்.

தரையிலிருந்து ஏறும் ஓதம் வேறு வகை. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோலச் செங்கலின் நுண்துளைகள் நிலத்தடி ஈரத்தை மேலே இழுக்கின்றன. தரைமட்டத்துக்கு மேல் ஈரத்தடுப்புப் படை சரியாகப் போட்டிருந்தால் அது அங்கேயே நின்றுவிடும். செலவைக் குறைக்க முதலில் கைவிடப்படுவது இந்தப் படைதான். போட்டிருந்தாலும் இன்னொரு கேடு உண்டு. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்கிறது, வீடு பள்ளத்தில் இறங்குகிறது, ஈரத்தடுப்புப் படை மண்ணுக்கு அடியில் போய்விடுகிறது. சாலையைச் சுரண்டிய பிறகே மறுபடி போட வேண்டும் என்று 2021 மே மாதத்தில் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு உத்தரவிட்டது இதனால்தான். அந்த உத்தரவைத் தெருவாசிகள் நினைவில் வைத்திருப்பது நல்லது. சுவரின் அடிப்பகுதியில் இரண்டு மூன்றடி உயரத்துக்கு வெள்ளையாகப் பூத்து, பூச்சு பொரிந்து உதிர்ந்தால் அது பூசணம் இல்லை, ஈரத்தோடு ஏறி வந்த உப்பு. தண்ணீர் தெளித்தால் கரைந்துவிடும். பூசணம் கரையாது, தடவினால் இழுசும், வாடை அடிக்கும். இந்த வேறுபாடு தெரியாமல் உப்புக்குப் பூசண மருந்து அடிக்கும் வீடுகள் ஏராளம்.

கீறலும் இல்லை, ஓதமும் இல்லை, ஆனாலும் பூசணம் வருகிறது என்றால் ஈரம் காற்றில் இருக்கிறது. சமையல் எரிவாயு எரியும்போது அதிலுள்ள ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு கூடி நீராவி ஆகிறது. ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் நீர் பிறக்கும். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீர்வதற்குள் சுமார் 22 லிட்டர் தண்ணீரை அது அடுப்படிக் காற்றில் கலந்திருக்கும். உலையில் கொதிக்கும் நீர், குளியலறை ஆவி, மழைநாளில் அறைக்குள் கொடி கட்டிக் காயப்போடும் துணி எல்லாம் இதற்கு மேல். 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று 26 டிகிரிக்குக் குளிர்ந்த சுவரைத் தொட்டாலே நீர் கோக்கத் தொடங்கும். அதனால்தான் ஏசி அறையின் சுவரோடு ஒட்டிப் போட்ட பீரோவுக்குப் பின்னால், காற்றோட்டமே இல்லாத அந்த இடுக்கில், பூசணம் முதலில் குடியேறுகிறது. ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, காற்றிலிருந்து படிகிறதா என்று அறியக் காசு செலவில்லாத வழி ஒன்று உண்டு. ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒருநாள் விட்டுவிடுங்கள். தாளுக்கு உட்புறம் நீர் கோத்தால் குற்றம் சுவரில். வெளிப்புறம் கோத்தால் அறையின் காற்றில்.

இவ்வளவும் நம் முன்னோர் வீட்டில் இல்லையா என்று கேட்கலாம். மழையும் இருந்தது, ஓதமும் இருந்தது. ஆனால் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வழக்கம் ஒன்றும் இருந்தது. அதன் பருவத்தைக் கவனிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, சுவர்கள் ஊறிப்போய் நிற்கும் நேரத்தில் பொங்கல் வருகிறது. புதிதாகத் தாளித்த சுண்ணாம்பின் காரத்தன்மை பி.எச். அளவில் 12-க்கு மேல்; அதில் பூசணம் பிழைக்காது. சுண்ணாம்புப் படலம் மூச்சுவிடும், சுவருக்குள் இருக்கும் ஈரத்தை வெளியே விடும். ஈரச் சுவரில் அடித்தாலும் அது நன்றாகவே பிடிக்கும். இப்போது வழக்கம் அப்படியே இருக்கிறது, பொருள் மட்டும் மாறிவிட்டது. ஊறிய சுவர் ஓர் அங்குலம் உலர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும் என்பது கட்டடத் தொழிலில் வழங்கும் தோராயக் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவர் மார்கழியில் நனைந்தால் தையில் காய்ந்திருக்க வாய்ப்பே இல்லை. அந்தச் சுவரில் பட்டி பார்த்து, பிளாஸ்டிக் படலம் போன்ற எமல்ஷனை அடிக்கிறோம். ஈரம் உள்ளே சிறைப்படுகிறது. சில மாதங்களில் பெயிண்ட் கொப்பளித்து, அதன் பிசினையே தின்று பூசணம் வளர்கிறது. எல்லோரும் சுண்ணாம்புக்குத் திரும்ப வேண்டும் என்று நான் வாதிடவில்லை. காற்றுப்பட்டு அதன் காரம் தணிந்துவிடும், ஆண்டுதோறும் அடிக்க வேண்டும், கையில் ஒட்டும். எமல்ஷன் வேண்டுமென்றால் பருவத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே என் வாதம்.

தொழில்முறையாகப் பூசணம் நீக்குகிறவர்கள் செய்யும் வேலையைப் பார்த்தால் இந்த வரிசை தெளிவாகும். முதலில் ஈரமானியை எடுக்கிறார்கள். இரண்டு ஊசிகளைச் சுவரில் பதித்தால் அவற்றுக்கு இடையே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை வைத்து ஈரத்தைச் சொல்லும் சிறு கருவி அது. உப்பேறிய சுவரில் அது ஏமாற்றும் என்பதையும் அனுபவசாலிகள் அறிவார்கள். வெப்பப் படக் கேமராவில் ஈரமான இடம் குளிர்ந்து தனித் திட்டாகத் தெரியும், ஏனென்றால் ஆவியாகும் நீர் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. கசிவை அடைத்த பிறகே நீக்கும் வேலை. அறையைப் பாலித்தீனால் மறைத்து, காற்றை வெளியே இழுக்கும் விசிறி வைத்து, வித்து மற்ற அறைகளுக்குப் பரவாமல் தடுக்கிறார்கள். என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு ஈரத்துணியால் துடைக்கிறார்கள். ஒரு மைக்ரானில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான துகளைக்கூட 99.97 சதவீதம் பிடிக்கும் ஹெபா வடிகட்டி பொருத்திய வேக்குவம் கிளீனரால் உறிஞ்சுகிறார்கள். ஊறிய ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங், பிளைவுட், மெத்தை ஆகியவற்றைக் கழற்றி அப்புறப்படுத்துகிறார்கள். கடைசியில் ஈரநீக்கிகள் ஓடுகின்றன. குளிர்ந்த குழாய்ச் சுருளின்மேல் காற்றைச் செலுத்தி நீரைச் சொட்டவைக்கும் இயந்திரம் அது. பெயிண்ட் இதற்கெல்லாம் பிறகுதான். பூசணம் பிடித்த இடம் பத்துச் சதுரடிக்குள் இருந்தால் வீட்டுக்காரரே செய்துகொள்ளலாம் என்று அதே அமெரிக்க முகமை சொல்கிறது. சங்கரன்கோவிலில் பெரும்பாலான வீடுகளுக்கு இந்த ஏற்பாடுகள் எல்லாம் தேவையில்லை. கீறல் பார்க்கத் தெரிந்த கொத்தனாரும் பொறுமையான பிளம்பரும் போதும்.

பிளீச்சிங் பவுடர் கரைத்து அடித்தால் போய்விடுகிறதே என்பார்கள். போவது நிறம். குளோரின் நுண்துளைகளுக்குள் ஆழமாகப் போவதில்லை, அதோடு சேர்ந்த தண்ணீர் போய்விடுகிறது. செத்த பூசணமும் ஒவ்வாமை தரும் என்பதால் கொல்வதைவிட அகற்றுவதே முக்கியம். பிளீச்சிங் பவுடரோடு கழிவறை ஆசிட்டைக் கலப்பது உயிருக்கே ஆபத்து. குளோரின் வாயு கிளம்பும். பூசண எதிர்ப்புப் பெயிண்டுகள் உலர்ந்த சுவரில் பயன்படும். கசியும் சுவரில் அவையும் கொஞ்ச காலமே நிற்கும்.

மறுபக்கம், 2021-இல் கோவிட் பெருந்தொற்றின்போது பரவிய கருப்புப் பூஞ்சை அச்சம் இன்னும் பலரை விட்டுப் போகவில்லை. சுவரில் கறுப்பாகப் படர்ந்தால் அந்த நோய் வந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். மியூகார்மைகோசிஸ் என்னும் அந்த நோயை உண்டாக்கும் பூஞ்சைகளின் குடும்பமே வேறு. நோயில் கறுப்பாவது செத்துப்போன திசு. கட்டுப்பாடற்ற சர்க்கரை நோயும் ஸ்டீராய்டு மருந்தும் அதற்கு வழி திறந்தன. அதற்காகச் சுவர்ப் பூசணம் தீங்கற்றது என்று ஆகிவிடாது. ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு ஆஸ்துமாவும் சுவாசக் கோளாறுகளும் கூடுதலாக வருகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டி நூல் உறுதியாகச் சொல்கிறது. இந்த அளவு வரை பாதுகாப்பு என்று எந்த எண்ணையும் அது தரவில்லை; ஈரத்தைத் தடுங்கள் என்றே சொல்கிறது. குழந்தையும் முதியவரும் படுக்கும் அறையில் பூசணம் இருந்தால் அதைத் தள்ளிப்போடக் கூடாது.

வாடகை வீட்டில் இந்த வாதம் இன்னும் கூர்மையாகிறது. ஜன்னலைத் திறப்பதில்லை, உள்ளே துணி காயப்போடுகிறார்கள் என்று குடியிருப்போர்மேல் பழி போடுவது எளிது. சில வீடுகளில் அது உண்மையாகவும் இருக்கும், பாலித்தீன் தாள் அதைக் காட்டிவிடும். ஆனால் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 2020-இல் ஒரு வாடகைக் குடியிருப்பில் இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. நீண்ட நாள் பூசணத்தால் வந்த சுவாச நோயே காரணம் என்று 2022-இல் விசாரணை முடிவு வந்தது. குடும்பத்தார் முன்பே புகார் செய்திருந்தார்கள். அவர்களின் வாழ்க்கை முறைமேல்தான் பழி விழுந்திருந்தது. இப்போது அங்கே சமூகக் குடியிருப்பு உரிமையாளர்கள் குறித்த காலத்துக்குள் பூசணத்தைக் கவனித்தே ஆக வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. நம்மிடமும் 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் இருக்கிறது. வேறு உடன்பாடு இல்லாதவரை கட்டடப் பழுதும் குழாய் மாற்றுவதும் வெள்ளையடிப்பதும் உரிமையாளர் பொறுப்பு என்று அதன் அட்டவணை பிரிக்கிறது.

செலவு அதிகம் என்பது கடைசித் தயக்கம். ஆண்டுதோறும் ஒரே மூலைக்குப் பெயிண்ட் அடிக்கும் கூலியை ஐந்தாண்டுக்குக் கூட்டிப் பார்த்தால், தளத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தட்டோடு பதிக்கும் செலவில் கணிசமான பங்கு அதிலேயே கரைந்திருப்பது தெரியும். சங்கரன்கோவில்காரர்களுக்கு இயற்கை ஒரு வசதியும் செய்து கொடுத்திருக்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் மொட்டைமாடிக் கீறலையும் குழாய்க் கசிவையும் அடையுங்கள். ஆனியில் கிளம்பும் மேல்காற்று சுவரை எந்த இயந்திரத்தையும்விட நன்றாக உலர்த்தித் தரும். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், பீரோவை ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். பொங்கலுக்கு அடித்துவந்த பெயிண்டை, ஊரின் ஆடி மாதத் திருவிழாவான ஆடித்தபசுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.