ஒட்டகப் பந்தயமும் குழந்தை உரிமையும்

ஐக்கிய அரபு அமீரகத்தின் மரபு விளையாட்டு ஒட்டகப் பந்தயம். எண்ணெய் வளத்தால் நாடு செழித்தபோது பந்தயமும் பெருவணிகமாயிற்று. ஓட்டுபவரின் எடை குறைந்தால் ஒட்டகத்தின் வேகம் கூடும். எனவே, பாகிஸ்தான், வங்கதேசம், சூடான், மௌரித்தானியா ஆகிய நாடுகளின் ஏழைச் சிறுவர்கள் அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர். எடை கூடாதிருக்க அவர்களின் உணவு குறைக்கப்பட்டது. விழுந்து காயமுற்றோர் பலர்.

1997இல் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் இணைந்த அந்நாடு, 2005இல் 18 வயதுக்குட்பட்டோர் ஒட்டகம் ஓட்டுவதைச் சட்டத்தால் தடைசெய்தது. யுனிசெஃப் துணையுடன் 1,000க்கும் மேற்பட்ட சிறுவர்கள் தாய்நாடு திரும்பினர். தொலைவிலிருந்து இயக்கப்படும் ரோபோக்கள் ஒட்டகங்களின்மீது அமர்த்தப்பட்டன. 2016இல் குழந்தை உரிமைகளுக்கெனத் தனிச்சட்டமும் நடைமுறைக்கு வந்தது.

பந்தயம் இன்றும் தொடர்கிறது. மரபைப் பேணக் குழந்தைப் பருவத்தைப் பலியிட வேண்டியதில்லை என்பதை இம்மாற்றம் உணர்த்துகிறது.