உங்களுக்குத் தெரியுமா? பால்வாடி பூட்டியிருந்த நாட்கள்

கொரோனாவுக்காகத் தமிழ்நாட்டில் பள்ளிகளோடு அங்கன்வாடிகளும் மூடப்பட்டது 2020 மார்ச் 17-ல். நாடு தழுவிய ஊரடங்கு வந்தது அதற்கு எட்டு நாள் கழித்துத்தான். புதுக்கோட்டைக் கிராமங்களில் டீக்கடை அடைபடும் முன்பே பால்வாடி பூட்டப்பட்டுவிட்டது. பூட்டிய மறுநாளே உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்து, பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று மாநிலங்களைக் கேட்டது.

புதுக்கோட்டைக்கு இது இரண்டாவது அடி. 2018 நவம்பர் 16-ல் அடித்த கஜா புயல் ஆலங்குடி, கறம்பக்குடி, அறந்தாங்கி பக்கத்துத் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்துப் போட்டது. புதிதாக வைத்த தென்னம்பிள்ளை காய்க்க நாலைந்து வருடமாவது ஆகும். பதினாறே மாதத்தில் ஊரடங்கு. கீரமங்கலத்துப் பூவுக்குச் சந்தை இல்லை. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினத்தில் படகுகள் கரையில் நின்றன. நூறு நாள் வேலையும் சில வாரம் கிடைக்கவில்லை.

கையில் காசு குறைந்தால் குழந்தையின் தட்டிலிருந்து முதலில் போவது சோறு அல்ல. முட்டை, மீன், பால், பழம் என்று ஒவ்வொன்றாகப் போகும். ரேஷனில் அரிசியும் பருப்பும் எண்ணெயும் இலவசமாகக் கொடுத்தார்கள். அரிசிக் குடும்ப அட்டைக்கு ஆயிரம் ரூபாயும் வந்தது. பல வீடுகளில் அடுப்பு அணையாமல் காத்தது அதுதான். ஆனால் இரண்டு வயதுப் பிள்ளையின் வயிறு சின்னது. அதை ரசம் சோற்றால் நிரப்பிவிட்டால் சத்துக்கு அங்கே இடமிருக்காது.

பூட்டிய மையத்திலிருந்து சத்துமாவுப் பாக்கெட்டும் முட்டையும் வீடு தேடிப் போயின. டீச்சரும் ஆயாவும், தொற்று பயத்துக்கு நடுவே, வாசல் வாசலாக நின்று கொடுத்தார்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனாலும் ஒரு சிக்கல். பால்வாடியில் வைக்கிற முட்டை அந்தக் குழந்தைக்கு மட்டும். வீட்டுக்கு வந்த முட்டையை அக்காவும் அண்ணனும் பார்த்துக்கொண்டிருக்க, எந்தத் தாய் ஒரு பிள்ளைக்கு மட்டும் ஊட்டுவாள்? உரித்து, கத்தியால் மூன்றாக நறுக்கித்தான் கொடுப்பாள். சத்துமாவும் அப்படித்தான்; வெந்நீர் விட்டுப் பிசைந்த உருண்டைக்கு நாலு கை நீளும். அதைக் குற்றம் சொல்ல முடியாது.

நின்றது சாப்பாடு மட்டுமல்ல, எடைத் தராசும்தான். மாதாமாதம் எடை போட்டு அட்டையில் புள்ளி வைத்தால்தான் பிள்ளை இளைப்பது கண்ணில் படும். தினமும் தூக்கி வைத்திருக்கும் அம்மாவுக்கே அது தெரியாது. புதுக்கோட்டைக்கு இந்தத் தராசு பழைய சொந்தம். உலக வங்கிக் கடனுதவியோடு 1980-ல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தின் ஆறு மாவட்டங்களில் இதுவும் ஒன்று. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் சத்துருண்டை கொடுத்துத் தேற்றினார்கள். உலகமே வந்து பார்த்துப் படித்த முறை அது.

தராசு இல்லையா? நாடா போதும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் இடது மேற்கையின் நடுவில் சுற்றிப் பாருங்கள். 12.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கவனம் தேவை, 11.5-க்கும் கீழே போனால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

அந்த நாட்களில் எழுந்த இன்னொரு கேள்வி: கொரோனா வந்த தாய் பால் கொடுக்கலாமா? கொடுக்கலாம், முகக்கவசம் போட்டு, கையைச் சோப்பால் கழுவிக்கொண்டு கொடுக்கலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. பயத்தில் புட்டிப்பாலுக்கு மாறிய வீடுகளில் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வரும் ஆபத்துதான் கூடியது.

ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வைத் தமிழ்நாட்டில் கொரோனா இரண்டாகப் பிளந்தது. ஒரு பகுதி வேலை ஊரடங்குக்கு முன்பு, மீதி 2020 டிசம்பரிலிருந்து. மாநிலத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட நூறு பிள்ளைகளில் 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று அது சொன்னது. ரத்தசோகை உள்ள பிள்ளைகள் 57 சதவீதத்துக்கு மேல். அதற்கு முந்தைய ஆய்வில் அது 51-ஐ ஒட்டித்தான் இருந்தது. எல்லாவற்றுக்கும் கொரோனாவே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஏற்கெனவே நலிந்திருந்த பிள்ளைகள் மேல்தான் அந்தக் காலம் வந்து விழுந்தது.

சூடான மதியச் சாப்பாடு அங்கன்வாடிகளுக்குத் திரும்பியது 2021 செப்டம்பரில். பூட்டும்போது இரண்டு வயதாக இருந்த பிள்ளைக்கு அப்போது மூன்றரை வயது. இன்னொரு தொற்று வந்தால் கடைசியாகப் பூட்ட வேண்டியதும் முதலில் திறக்க வேண்டியதும் பால்வாடிதான்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால், இந்த மாதம் எடை போட்டாயிற்றா என்று அங்கன்வாடி டீச்சரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் வைட்டமின் ஏ திரவம் விட்டுப்போயிருந்தால் அதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.