குழந்தையின் முதற்கூழ்

நம் கல்லூரியில் பயில்வோரில் பலர் தத்தம் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். இயற்பியலோ வரலாறோ எதைப் படித்தாலும் சரி, ஊருக்குப் போனால் "படிச்ச புள்ளதானே, நீ சொல்லு" என்று ஏதாவது ஒரு கேள்வி நம்மிடம் வந்து சேர்கிறது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்காளோ மதினியோ கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: பிள்ளைக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது, காலையில் என்ன கொடுப்பது? கேப்பைக் கூழா, கடையில் விற்கும் டின் மாவா? பசும்பால் கொடுக்கலாமா? அதற்குத் தக்க விடை சொல்ல நாம் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் காலக்கணக்கு. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டியதில்லை. உலக சுகாதாரப் பேரவை 2001-ஆம் ஆண்டிலேயே இதை வலியுறுத்தியது. ஆறு மாதத்திற்குப் பின் வேறு உணவு தொடங்க வேண்டும்; ஆனால் தாய்ப்பாலை இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தொடரலாம். "பால் மறக்கடிப்பது" என்று நம் பக்கத்தில் சொல்லும் சொல்லே இதனால் சற்றுத் தவறான எண்ணத்தைத் தருகிறது. பாலை நிறுத்தும் பருவம் அன்று இது; பாலோடு உணவைச் சேர்க்கும் பருவம்.

ஏன் ஆறு மாதம்? கருவிலிருக்கும்போது குழந்தை தன் உடலில் இரும்புச்சத்தைச் சேமித்துக்கொள்கிறது. அந்தச் சேமிப்பு ஏறக்குறைய ஆறு மாதத்தில் தீர்ந்துவிடுகிறது. தாய்ப்பாலில் இரும்பு குறைவு. அத்துடன் ஆறு முதல் எட்டு மாதப் பிள்ளைக்குத் தாய்ப்பாலுக்கு மேல் நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி தேவைப்படுகிறது. ஒரு வயதை நெருங்கும்போது இது 300 ஆகிறது.

இங்கேதான் நம் வீடுகளில் பிழை நேர்கிறது என்பது என் கருத்து. எந்தத் தானியம் என்று ஆராய்கிறோம். எவ்வளவு கெட்டியாகக் காய்ச்சினோம் என்று பார்ப்பதில்லை. ஏழெட்டுக் கிலோ எடையுள்ள குழந்தையின் வயிறு ஒரு சிறு டம்ளர் அளவுதான், அதாவது 200 மில்லி லிட்டர் சொச்சம். "பிள்ளைக்குச் செரிக்காது" என்று அப்பத்தா சொல்ல, இரண்டு தேக்கரண்டி மாவை, அதாவது சுமார் 10 கிராமை, ஒரு டம்ளர் நீரில் கரைத்துக் காய்ச்சுகிறோம். அதில் கிடைப்பது 35 கலோரிக்கும் குறைவு. அதே அளவு தாய்ப்பாலில் ஏறத்தாழ 130 கலோரி உண்டு! பால் இருக்க வேண்டிய இடத்தை வெறும் நீர் அடைத்துக்கொள்கிறது. பிள்ளை வயிறு நிறைந்து தூங்குகிறது; எடை மட்டும் ஏறுவதில்லை. அதே டம்ளரில் 25 கிராம் மாவும் ஒரு தேக்கரண்டி நெய்யும் சேர்த்தால் 125 கலோரி ஆகிவிடும். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகி ஓடாமல் மெதுவாக வழுகி விழ வேண்டும். கூழுக்கு அதுவே பதம். தொடக்கத்தில் இரண்டு மூன்று கரண்டி போதும். மெல்ல மெல்ல அரை டம்ளர் வரை கூட்டலாம்.

கெட்டியாகக் காய்ச்சினால் களியாகி விழுங்கத் திணறுகிறதே என்று கேட்கலாம். அதற்கு நம் முன்னோர் கையிலேயே ஒரு வழி இருந்தது: தானியத்தை முளைகட்டுவது. முளைவிடும் தானியத்தில் அமிலேஸ் என்னும் நொதி பெருகுகிறது. அது மாவுப்பொருளின் நீண்ட இழைகளைத் துண்டாக்குவதால் கெட்டிக் கூழ் நீர் சேர்க்காமலே இளகிவிடுகிறது. கேப்பையை ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி முளை வந்தபின் நிழலில் உலர்த்தி, இலேசாக வறுத்து அரைத்துக்கொள்ள வேண்டும். காய்ச்சிய கூழ் சற்று ஆறியதும் இந்த மாவில் ஒரு சிறு கரண்டி போட்டுக் கலக்கிப் பாருங்கள், கண்ணெதிரே இளகுவதைக் காணலாம். பிறகு மீண்டும் ஒரு கொதி விட்டு இறக்க வேண்டும். வேதியியல் ஆய்வுக்கூடத்தில் நாம் ஸ்டார்ச்சு சோதனை செய்கிறோமே, அதே பாடம்தான் அடுப்படியிலும் நடக்கிறது. முளைகட்டுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. இரும்பு உடலில் சேராமல் தடுக்கும் பைட்டேட் என்னும் பொருள் அதனால் குறைகிறது.

இனி எந்தத் தானியம்? பெரியாறு வாய்க்கால் பாயும் மேலூர்ப் பக்கம் நெல். உசிலம்பட்டி, பேரையூர் மானாவாரி நிலங்களில் சோளம், கம்பு, குதிரைவாலி. எல்லாமே பிள்ளைக்கு ஆகும். எனினும் கேப்பைக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. 100 கிராம் கேப்பையில் 340 மில்லி கிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. அரிசியில் 10-ஐத் தாண்டுவதே அரிது. ஊறவைத்து அரைத்துத் துணியில் வடிகட்டிப் பாலெடுத்துக் காய்ச்சும் பழக்கம் முதல் சில வாரங்களுக்கு நல்லது. அதற்குப்பின் வடிகட்டத் தேவையில்லை, தோலோடு சேர்ந்த சத்தில் ஒரு பங்கு துணியிலேயே தங்கிவிடும்.

தானியம் மட்டும் போதாது, பருப்பும் வேண்டும். அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் பருப்பில் மிகுதி. நான்கு பங்கு தானியத்திற்கு ஒரு பங்கு வறுத்த பாசிப்பருப்பு என்பது வீட்டில் நினைவில் வைக்க எளிய கணக்கு. கோவை அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியில் உருவாக்கிய "குழந்தை அமுது" கலவையும் தானியம், பருப்பு, நிலக்கடலை, வெல்லம் என்ற இந்த வழியில் வந்ததுதான். நிலக்கடலை சேர்த்தால் பூசணம் பிடித்ததைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும்; அதில் நஞ்சு உண்டு. இன்னும் எளிது வேண்டுமா? மதுரைக்காரருக்குச் சொல்லவேண்டுமா என்ன, இட்லி! அரிசியும் உளுந்தும் சேர்ந்து, புளித்து, ஆவியில் வெந்தது. எட்டு மாதப் பிள்ளைக்கு அதைப் பருப்பிலும் நெய்யிலும் மசித்துக் கொடுத்தால் அருமையான காலை உணவு.

இரும்புக்கு முருங்கைக் கீரை, முட்டை, மீன் முதலியவற்றைச் சேர்க்கலாம். நம் ஊரில் பெயர்பெற்ற சுவரொட்டியையும் நன்கு வேகவைத்து மசித்துச் சிறிதளவு கொடுக்கலாம். தக்காளியோ இரண்டு துளி எலுமிச்சையோ உடனிருந்தால் கீரையின் இரும்பு நன்கு சேரும். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 57 விழுக்காட்டினர் சோகையுள்ளவர் என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு கூறும்போது இதை அலட்சியம் செய்ய இயலாது.

பாலுக்கு வருவோம். ஒரு வயதாகும் வரை பசும்பாலைக் குடிபாலாகக் கொடுக்க வேண்டாம் என்றே நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதில் இரும்பு மிகக் குறைவு. சில பிள்ளைகளின் குடலில் கண்ணுக்குத் தெரியாத இரத்தக்கசிவையும் உண்டாக்கும். புரதமும் உப்பும் தாய்ப்பாலைவிட மிகுதியாதலால் இளஞ்சிறுநீரகத்திற்குச் சுமை. கூழில் சிறிது கலப்பதில் குற்றமில்லை. தாய்ப்பால் கிடைக்காத பிள்ளையின் நிலை வேறு: ஆறு மாதத்திற்குப் பின் பால்மாவோ கால்நடைப் பாலோ தரலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டி இடங்கொடுக்கிறது, எதை, எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதே நல்லது. ஆட்டுப்பாலில் ஃபோலிக் அமிலம் குறைவு. தெருவில் கூவி விற்கும் கழுதைப்பாலைச் சங்களவு காய்ச்சாமல் புகட்டுவது எந்த நோயையும் தடுப்பதில்லை, கிருமியை வேண்டுமானால் கொண்டுவரும். ஒரு வயதுக்கு மேல் பசும்பால் நன்று, அதுவும் நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மிகாமல். அதற்கு மேல் குடிக்கும் பிள்ளை சோறு தின்னாது. பார்க்கக் கொழுகொழுவென்று, ஆனால் வெளுத்துப் போயிருக்கும். பாலில் தண்ணீர் கலக்க வேண்டியதில்லை. பாக்கெட் பாலானால் 3 விழுக்காடு கொழுப்புள்ளதைவிட 4.5 அல்லது 6 விழுக்காடு உள்ளதே இரண்டு வயதுவரை ஏற்றது.

டின் மாவு நஞ்சன்று. எருமைப் பாலிலிருந்து குழந்தைப் பால்மாவு செய்யும் முறையை மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையத்தார் கண்டறிந்து, 1960 வாக்கில் அமுல் அதைச் செய்யத் தொடங்கியது நம் நாட்டிற்குப் பெருமையே. ஆனால் விளம்பரம் தாயின் நம்பிக்கையைக் குலைக்கிறது என்பதால் 1992-இல் தனிச் சட்டம் வந்தது. 2003-இல் அது மேலும் இறுக்கப்பட்டது. இரண்டு வயதுக்குட்பட்டோருக்கான உணவை விளம்பரப்படுத்தவோ, டப்பாவில் குழந்தையின் படம் போடவோ அச்சட்டம் இடந்தராது. வாங்குவோர் டப்பாவின் முன்புறத்தை விட்டுப் பின்புறத்தைப் படிக்க வேண்டும். இந்தியாவில் விற்ற செரலாக்கில் ஒருமுறை ஊட்டும் அளவுக்கு 3 கிராமுக்குச் சற்றுக் குறைவாகச் சர்க்கரை சேர்க்கப்பட்டிருந்ததாக 2024 ஏப்ரலில் ஓர் அறிக்கை வெளிவந்தது. அவ்வாண்டிலேயே சர்க்கரை சேர்க்காத வகைகளை அந்நிறுவனம் அறிவித்தது. ஒரு வயதுவரை சர்க்கரையும் உப்பும் வேண்டாம். தேன் கூடவே கூடாது.

கொடுக்கும் உணவு சரிதானா என்று எப்படித் தெரியும்? இதற்கு விடை நம் மாவட்டத்திலேயே கிடைத்தது. 1980-இல் உலக வங்கி உதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியபோது, திண்டுக்கலும் தேனியும் உள்ளடங்கியிருந்த பழைய மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி வட்டாரத்தில்தான் முதலில் நடத்திப் பார்த்தார்கள். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதந்தோறும் நிறுத்தார்கள். எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் தானியமும் பருப்பும் வெல்லமும் சேர்ந்த உருண்டையை 90 நாள் கொடுத்தார்கள். எடை ஏறியதும் நிறுத்தினார்கள். கடுமையான ஊட்டக்குறைவு அத்திட்டத்தால் குறைந்தது. உணவைவிட எடைக்கோடு தாய்மார்க்குப் பெரிய ஆசிரியராயிற்று எனலாம். 1997-இல் அத்திட்டம் முடிந்தாலும் எடை பார்க்கும் வழக்கம் அங்கன்வாடிகளில் இருக்கிறது.

அங்கே ஆறு மாதம் முடிந்த பிள்ளைகளுக்குச் சத்துமாவும் தருகிறார்கள். கோதுமை, முளைகட்டிய கேப்பை, கடலைப்பருப்பு, வெல்லம் எல்லாம் அதிலேயே உண்டு. சில வீடுகளில் அது ஆட்டுத் தொட்டிக்குப் போவதையும், அதே வீட்டில் டின் மாவு கடனுக்கு வாங்கப்படுவதையும் கண்டிருக்கிறேன். வெல்லம் அதில் முன்பே இருப்பதால் மேற்கொண்டு இனிப்புச் சேர்க்காமல், கொதிநீரில் கட்டியின்றிக் கெட்டியாகக் கிளறி, அரைக் கரண்டி நல்லெண்ணெய் விட்டுச் சூடு ஆறியதும் ஊட்டலாம். புட்டியில் கரைத்து ஊற்ற வேண்டாம். காம்பின் இடுக்கைச் சுத்தம் செய்வது கடினம். கிண்ணமும் கரண்டியும் போதும், பால் புகட்டப் பாலாடை இருக்கிறது. மீந்த கூழை மதுரை வெயிலில் மதியம் வரை வைத்திருக்காமல் பெரியவர்கள் குடித்துவிடலாம்.